இரும்பு ஆறும் நேரத்தில் ஓர் ஆட்டம்

ஸ்டாண்டர்டு ரூமுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

அலுவலகத்திலிருந்து போன் செய்து, "சார், புதுசா சேர்ந்தவங்களுக்கு உங்க அனுபவத்தை நாலு பக்கம் எழுதித் தாங்க" என்று கேட்டார்கள். உழைப்பு, ஒழுக்கம், அர்ப்பணிப்பு என்று எழுதித் தருவேன் என்று நினைத்திருப்பார்கள். எழுதலாம். ஆனால் நான் அந்த அறைக்கு வந்த காரணத்தில் இந்த மூன்றும் இல்லை. நான் வந்தது பூல் ஆட. பச்சைத் துணி போட்ட மேஜை, பதினைந்து பந்துகள், ஒரு வெள்ளைப் பந்து, கையில் க்யூ என்கிற நீளக் கோல். அதற்கு நேரம் கிடைக்கும் என்பதற்காகவே இந்த வேலையைப் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன். பெண் பார்க்கப் போனபோதுகூட நான் இவ்வளவு யோசித்ததில்லை. இதை என் மனைவியும் படிப்பாள், பரவாயில்லை, அவளுக்குத் தெரிந்த விஷயம்தான்.

முப்பத்து நாலு வயது வரைக்கும் நான் இதே தொழிற்சாலையில் லேத்தில் நின்றவன். முத்தாபுதுப்பேட்டையில் வீடு. ஆவடியில் மின்சார ரயில் ஏறி அம்பத்தூரில் இறங்கி, எஸ்டேட்டுக்கு பஸ் பிடித்துப் போவேன். வாரத்துக்கு ஒரு ஷிப்ட். எந்த வாரம் எப்போது தூங்குகிறேன் என்று எனக்கே தெரியாது. அப்படி ஒரு நாள் ஷிப்ட் முடிந்து பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் டூவீலர் மெக்கானிக் கடை, அதற்குப் பக்கத்தில் மாடிப்படி. ஒதுங்கலாம் என்று ஏறினேன். மேலே ஜாபர் பாய் என்பவர் பூல் பார்லர் வைத்திருந்தார். "சும்மா நிக்கிறீங்களே சார், ஒரு தட்டு தட்டிப் பாருங்க" என்று க்யூவைக் கையில் கொடுத்தார். நான் தட்டிய முதல் பந்து நேராக மூலைக் குழியில் போய் விழுந்தது. அது குருட்டு அதிர்ஷ்டம் என்று இப்போது தெரிகிறது. அன்றைக்குத் தெரியவில்லை. மழை விட்டு இரண்டு மணி நேரம் கழித்துத்தான் கீழே இறங்கினேன்.

அதற்குப் பிறகு ஷிப்ட் வேலை எனக்குக் கசந்துவிட்டது. பார்லரில் மேஜை காலியாக இருக்கும் நேரத்தில் நான் லேத்தில் நிற்பேன். நான் வெளியே வரும் நேரத்தில் கல்லூரிப் பையன்கள் மேஜையைச் சுற்றி நிற்பார்கள். இது சரிப்படாது என்று, எந்த வேலைக்குப் போனால் பூலுக்கு நேரம் கிடைக்கும் என்று எங்கள் தொழிற்சாலையையே ஒரு வாரம் வேவு பார்த்தேன். மெயின்டனன்ஸ்காரர்களை நிம்மதியாக டீ குடிக்க விடமாட்டார்கள். ஸ்டோரில் எப்போதும் யாராவது ஒருவர் ஜன்னலைத் தட்டிக்கொண்டிருப்பார். சேல்ஸ்காரர்கள் பாதி நாள் ஓசூரில், மீதி நாள் ஓசூர் போகும் வழியில். கடைசியாக ஸ்டாண்டர்டு ரூமின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றேன். அங்கே இருந்த பெரியவர் அடுத்த மாதம் ஓய்வு பெறப்போகிறவர். அறைக்கு வெளியே நாற்காலி போட்டு, ஸ்வெட்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"என்ன சார், வேலை இல்லையா?" என்று கேட்டேன்.

"உள்ள ஜாப் ஆறுதுப்பா."

"எவ்ளோ நேரம்?"

"நாலு மணி நேரம்."

"அதுவரைக்கும் நீங்க?"

"நானும் ஆறுறேன்" என்று பேப்பரைத் திருப்பினார்.

என் வாழ்க்கை அந்த இடத்தில் திரும்பியது. வெளியாட்கள் யாராவது இதைப் படித்தால் புரிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். இரும்பு சூட்டில் கொஞ்சம் பெருக்கும், குளிர்ந்தால் சுருங்கும். கண்ணுக்குத் தெரியாது, கருவிக்குத் தெரியும். அதனால் சரியான அளவு பார்க்க, எப்போதும் இருபது டிகிரியில் வைத்திருக்கும் ஒரு அறை வேண்டும், அதுதான் ஸ்டாண்டர்டு ரூம். கடைந்த பாகத்தை, அதைத்தான் ஜாப் என்போம், உள்ளே வைத்து, அதுவும் அந்த இருபதுக்கு இறங்கும்வரை காத்திருந்துதான் அளக்க வேண்டும். அந்தக் காத்திருப்பை யாராலும் அவசரப்படுத்த முடியாது. முதலாளியே வந்தாலும் இரும்பு மெதுவாகத்தான் ஆறும். இதைவிடப் பூலுக்குத் தோதான வேலை எங்கே இருக்கிறது?

"லேத்தின் தூசு ஒத்துக்கொள்ளவில்லை" என்று மாற்றல் கேட்டு எழுதிக்கொடுத்தேன். லேத்தில் இருந்தால் சூப்பர்வைசர் ஆகியிருப்பேன், அதை விட்டுவிட்டு வந்தேன். வீட்டில், "பிரமோஷனா?" என்று மனைவி கேட்டாள். "இல்ல, ஏசி" என்றேன். அவளுக்கு அதுவே பிரமோஷன்தான்.

முதல் மூன்று வருடம் ராஜ வாழ்க்கை. காலை ஒன்பது மணிக்கு ஜாப் உள்ளே போகும். கதவில், 'ஜாப் ஆறிக்கொண்டிருக்கிறது. திறக்காதீர்கள்' என்று பலகை மாட்டுவேன். கேட்டைத் தாண்டி ஆறு நிமிடம் நடந்தால் ஜாபர் பாயின் மாடிப்படி. வேலை நேரத்தில் வெளியே போவது தவறு. அது அன்றைக்கே எனக்குத் தெரியும், செய்தேன். சித்திரை வெயிலில் ஸ்வெட்டரோடு எஸ்டேட் ரோட்டில் நடந்த ஒரே மனிதன் நானாகத்தான் இருக்க வேண்டும். கேட்டில் இருக்கும் வாட்ச்மேன் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, "இன்னா சார், இரும்பு தூங்கிடுச்சா?" என்று கேட்பார். "தூங்கிடுச்சு, சத்தம் போடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போவேன்.

என் தவறு அங்கே இல்லை. அதாவது, அது மட்டும் இல்லை. பெரிய ஜாப் ஆற நாலு மணி நேரம் ஆகும் என்பது உண்மை. விரல் தடிமன் இருப்பது ஒரு மணி நேரத்தில் ஆறிவிடும். தீக்குச்சி மாதிரி இருப்பதற்கு அரை மணியே தாராளம். நான் எல்லாவற்றுக்கும் நாலு மணி நேரம் என்று எழுதிக்கொண்டிருந்தேன். கேட்பாரில்லை. ஆறுவது எப்படி என்று தெரிந்தவன் தொழிற்சாலையிலேயே நான் ஒருவன்தான். அப்படி ஒரு நிலைமை உங்களுக்கு வந்தால் எச்சரிக்கையாக இருங்கள். கேள்வி கேட்க ஆள் இல்லாத இடத்தில்தான் ஒருவன் சீக்கிரம் கெட்டுப்போவான், நான் கெட்டுப்போனேன்.

ஒரு நாள் பத்து பின் வந்தது. பின் என்றால் குண்டூசியைவிடக் கொஞ்சம் தடிமன், அவ்வளவுதான். வழக்கம்போல் பலகையில் நாலு மணி நேரம் என்று எழுதி மாட்டிவிட்டுப் போய்விட்டேன். அன்றைக்குப் பார்த்து வாடிக்கையாளர் கம்பெனியிலிருந்து ஒரு ஆய்வாளர் வந்திருக்கிறார். எங்கள் புரொடக்‌ஷன் மேனேஜர் அவரை ஒவ்வொரு இடமாகச் சுற்றிக்காட்டியிருக்கிறார். கண்ணாடிக் கதவு வழியாக உள்ளே பார்த்த ஆய்வாளர், "இந்தக் குண்டூசிக்கு எதுக்கு சார் நாலு மணி நேரம்? அரை மணி போதுமே" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு நடந்துவிட்டார்.

நான் அந்த நேரம் மேஜைமேல் குனிந்து ஒரு கஷ்டமான பந்துக்குக் குறி வைத்துக்கொண்டிருந்தேன். மேஜைக்கு அந்தப் பக்கம் இரண்டு கறுப்பு ஷூக்கள் வந்து நின்றன. பாலிஷ் போட்ட ஷூ. பார்லருக்கு யாரும் அப்படி வரமாட்டார்களே என்று தலையைத் தூக்கினேன். மேனேஜர். அவர் கத்தவில்லை.

"ஆறிடுச்சு. வாங்க" என்றார்.

அவர் மெமோ கொடுக்கவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து தொழிற்சாலையில் எனக்குப் பெயர் 'நாலு மணி' என்று ஆகிவிட்டது. சேகர் எங்கே என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. நாலு மணி எங்கே என்று கேட்டால் கேன்டீன்காரர் வரைக்கும் கை காட்டுவார்கள். நானும் சிரித்துக்கொண்டேன். அதற்கு விலை இருக்கிறது என்பது பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் தெரிந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு இரண்டு விசேஷம். ஒன்று, ஜாபர் பாய் நடத்திய போட்டியில் நான் பைனலுக்கு வந்திருந்தேன். காலை பதினோரு மணிக்கு ஆட்டம். எதிரில் ஷீலா டீச்சர். ஆவடி குவார்ட்டர்ஸில் குடியிருப்பவர், பூந்தமல்லிப் பக்கம் ஒரு பள்ளியில் பி.டி. டீச்சர். கழுத்தில் விசில் தொங்கவிட்டபடியே பூல் ஆட வருவார். அவரை அதுவரை நான் ஜெயித்ததே இல்லை. இன்னொன்று, தொழிற்சாலையில் ஓவர்டைம். பெரிய மெஷினில் சுழலும் தண்டுக்கு ஸ்பிண்டில் என்று பெயர், அதில் எட்டு அவசரமாக ஓசூருக்குப் போக வேண்டும். ஒவ்வொன்றும் இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டிய கனம். லாரி ஒன்பதரை மணிக்குக் கிளம்புவதாக ஏற்பாடு.

அந்த எட்டையும் கிரைண்டிங் மெஷினில் தேய்த்து அளவாக்கியவர் கன்னியப்பன். இப்போது உங்களுக்கு அவர் கிரைண்டிங் இன்சார்ஜ். அப்போது அவர் பாடு திண்டாட்டம். பாரிவாக்கத்துக்காரர். குடும்பத்து நிலம் பிளாட் ஆனபிறகு, முப்பது வயதுக்கு மேல் மெஷின் பழக வந்தவர். கை நல்ல கை, ஆனால் ஆரம்பத்தில் இரண்டு ஜாப் வீணாகி இரண்டு மெமோ வாங்கியிருந்தார். மூன்றாவது வந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். அந்த வாரம் மெஷினில் தண்ணீரைக் குளிர வைக்கும் சில்லர் வேறு பழுது. ஜாப் எல்லாம் தொட முடியாத சூட்டில் வந்தன.

ஏழரை மணிக்கு எட்டையும் என் அறைக்குள் அடுக்கினோம். கன்னியப்பன் என் காதருகே வந்து, "அண்ணாத்தே, சூடா கீது. ஆறினா அளவு எறங்கும்னு கொஞ்சம் கூடவே உட்டு வெச்சிக்கீறேன். பாத்துக்க" என்றார். சரியாகத்தான் செய்திருந்தார். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

எட்டு மணிக்கு மேனேஜர் வந்தார். "அரை மணி ஆச்சே, அளந்து பாருங்க" என்றார்.

"சார், இது பெரிய ஜாப். நாலு மணி நேரம் ஆகும்."

என் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததும், சுற்றி நின்றவர்கள் அத்தனை பேரும் சிரித்துவிட்டார்கள். கன்னியப்பன் மட்டும் சிரிக்கவில்லை. "அளந்து பாருங்க" என்று மேனேஜர் மறுபடியும் சொன்னார். ஒன்றை அளந்தேன். தலைமுடித் தடிமனில் ஆறில் ஒரு பங்கு அளவுக்குப் பெரிதாக இருந்தது. நமக்கு அது கூரைக்கும் தரைக்கும் உள்ள தூரம்.

"பெருசா இருக்கு. திரும்ப மெஷின்ல ஏத்தி, அந்தக் கொஞ்சத்தை எடுத்துடுங்க. ஒன்பதரைக்கு லாரி போயிடும்" என்றார் மேனேஜர்.

"எடுத்தா, ஆறினப்புறம் சின்னதாயிடும் சார். எட்டும் காயலான் கடைக்குப் போகும். எடுத்ததை ஒட்ட முடியாது. ஒண்ணும் பண்ணாம விட்டா தானா அளவுக்கு வந்துடும்."

"ஒண்ணும் பண்ணாம இருந்தா சரியாயிடுமா? உங்களுக்கு எல்லா வியாதிக்கும் ஒரே மருந்துதானா?"

கணக்குப் போட்டுக் காட்டினேன். எத்தனை டிகிரி சூட்டுக்கு எவ்வளவு பெருக்கும் என்று பேப்பரில் எழுதி நீட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டு, "உங்க கணக்கு எப்பவுமே நாலு மணி நேரத்தைத்தானே காட்டும்" என்று திருப்பிக் கொடுத்தார். பத்துக் குண்டூசிகள் எங்கள் இருவருக்கும் நடுவில் கிடந்தன.

இதற்குள் கன்னியப்பனே, "சரி சார், ஏத்திடறேன். இன்னாத்துக்கு வம்பு?" என்று ஒரு ஸ்பிண்டிலின் பக்கம் போனார். பயம். மெமோ பயத்தில் ஒரு மனிதன் தன் கை செய்த நல்ல வேலையைத் தானே கெடுக்கப் போகிறான்.

ஓர் உண்மையைச் சொல்கிறேன். அந்த நிமிடத்தில் நான், "சரி, ஏத்துங்க" என்று சொல்லியிருந்தால் என் வேலை முடிந்தது. ஜாப் என் அறையை விட்டுப் போய்விடும். பதினோரு மணிக்கு நான் பார்லரில் இருப்பேன். மேனேஜர் சொன்னார், நான் செய்தேன் என்று கையைக் கழுவிக்கொள்ளலாம். நாலு மணி நேரம் என்று பிடிவாதம் பிடித்தால்தான் எனக்குப் பைனல் போகும். ஆனால் சுற்றி நின்ற அத்தனை பேரும், பூல் ஆடப் போவதற்காகத்தான் நான் நாலு மணி நேரம் கேட்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். அப்படி நினைக்கப் பழக்கிவிட்டவன் நான்தான்.

கதவுக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன்.

"சார், பதினொன்றரைக்கு எட்டும் அளவுக்கு வரலன்னா நான் வேலையை விட்டுடறேன்."

"வேலையை விடுறது பெரிசில்ல. பூலை விடுவீங்களா?"

யோசித்தேன். வெட்கமாக இருந்தாலும் சொல்கிறேன், வேலையைச் சொல்லும்போது யோசிக்கவில்லை, இதற்கு யோசித்தேன். "விட்டுடறேன்" என்றேன். கூட்டத்தில் சிரிப்பு நின்றது அப்போதுதான். கன்னியப்பன் ஸ்பிண்டிலிலிருந்து கையை எடுத்தார்.

மேனேஜர் லாரி டிரைவரிடம் பேசிவிட்டு வந்தார். "சரி. ஆனா நீங்க எங்கேயும் போகக்கூடாது. உள்ளேயே உக்காருங்க. நானும் உங்ககூட உக்காருறேன்" என்றார். இங்கேதான் எனக்குச் சோதனை. அம்பத்தூர் வெயிலில் அந்தத் தொழிற்சாலையிலேயே ஏசி உள்ள ஒரே அறை அது.

"சார், உள்ள உக்காரக்கூடாது."

"ஏன்?"

"நம்ம உடம்புச் சூட்டுல ரூம் சூடாகும். ஜாப் ஆற இன்னும் நேரமாகும்."

"நான் என்ன அடுப்பாய்யா?"

இதுவும் முழு உண்மை, உங்களுக்குத் தெரியும். ஆனால் அன்றைக்கு என் வாயிலிருந்து வந்த உண்மை ஒவ்வொன்றும் முந்தியதைவிடப் பெரிய புளுகாகக் கேட்டது. ஏதோ ஒரு தயவில் அவர் ஒப்புக்கொண்டார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே மூன்று ஸ்டூல் போட்டோம். நடுவில் மேனேஜர், இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் கன்னியப்பன். உள்ளே எட்டு ஸ்பிண்டிலும் ஏசியில் சுகமாகப் படுத்திருந்தன. நாங்கள் மூவரும் வெளியே வேர்த்து வழிந்துகொண்டிருந்தோம். ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்திருப்பது மாதிரி இருந்தது.

சும்மா இருப்பது எவ்வளவு கஷ்டமான வேலை என்று அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன். மூன்று வருடமாகச் சும்மா இருந்தவன் நான், ஆனால் அதுவரை ஒரு முறைகூட அதை வேலையாகச் செய்ததில்லை. மேனேஜர் அரை மணிக்கொரு முறை எழுந்து, "ஒண்ணே ஒண்ணு அளந்து பாக்கலாமா?" என்பார். "கதவைத் திறந்தா சூடு உள்ள போகும் சார்" என்பேன். உட்காருவார். ஓசூரிலிருந்து அவருக்கு போன் வரும். தள்ளிப் போய்ப் பேசிவிட்டு முகம் சிவந்து திரும்புவார். யாரோ ஒருவர் தெரியாமல் கதவில் கை வைக்க வந்தார். மேனேஜரே பாய்ந்து போய், "யோவ், ஜாப் ஆறுது!" என்று கத்தினார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் கொஞ்சம் வந்தது, அடக்கிக்கொண்டார்.

பத்து மணிக்கு அவர் கேன்டீன் பக்கம் போனபோது, கன்னியப்பன் ஸ்டூலை என் பக்கம் இழுத்துப் போட்டார்.

"அண்ணாத்தே, நெஜமா எறங்குமா?"

"எறங்கும்."

"அந்தக் குண்டூசிக்கும் நீ இப்டித்தானே சொன்னே."

அவர் குத்திக் காட்டச் சொல்லவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். மேனேஜர் ஷூவோடு வந்து நின்ற அன்றுகூட எனக்கு இவ்வளவு வலிக்கவில்லை. "அது என் தப்பு. இது உன் கை. உன் கைமேல எனக்கு நம்பிக்கை இருக்கு" என்றேன். கன்னியப்பன் கண்ணாடி வழியாக ஸ்பிண்டிலைப் பார்த்தபடி, "ஊட்ல இன்னும் சொல்லல, ரெண்டு மெமோ வாங்கினது" என்றார்.

பதினோரு மணிக்கு என் போன் அடித்தது. ஜாபர் பாய். எடுக்கவில்லை. பத்து நிமிடத்தில் மறுபடி அடித்தது. மேனேஜர், "எடுங்க" என்றார். எடுத்தேன். ஜாபர் பாய்க்குக் குரல் பெரிது, பக்கத்தில் இருப்பவர்களுக்கும் சேர்த்துத்தான் பேசுவார். "சேகர் சார், எங்கே கீறீங்கோ? டீச்சர் வந்து ஒக்காந்துகினு கீறாங்கோ! பைனல் சார்!"

"வர முடியாது பாய். டீச்சருக்கே கொடுத்துடுங்க" என்று வைத்துவிட்டேன்.

மேனேஜர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "இன்னிக்கு பைனலா?"

"ஆமா சார்."

"பதினோரு மணிக்கா?"

"ஆமா சார்."

"அப்போ காலையிலேயே சரின்னு சொல்லியிருந்தா போயிருக்கலாமே?"

"போயிருக்கலாம் சார்."

அதற்குப் பிறகு, 'ஒண்ணே ஒண்ணு அளந்து பாக்கலாமா' என்று அவர் கேட்கவில்லை.

பதினொன்றரைக்குக் கதவைத் திறந்தேன். கைக்கு உறை மாட்டிக்கொண்டேன். முதல் ஸ்பிண்டில் அளவுக்குள் இருந்தது. இரண்டாவதும். எட்டாவது வரைக்கும் அளந்து முடிக்கப் பன்னிரண்டு மணி ஆகிவிட்டது. எட்டும் அளவுக்கு நடுவில், இந்தப் பக்கமும் இல்லாமல் அந்தப் பக்கமும் இல்லாமல் வந்து நின்றன. கன்னியப்பன் குறி அப்படி. அவர் வெளியே போய்க் குழாயடியில் நின்று முகத்தைக் கழுவிக்கொண்டே இருந்தார், வெகுநேரம். நானும் அந்தப் பக்கம் போகவில்லை.

லாரி கிளம்பியது. மேனேஜர் தன் பைக்கை எடுத்துக்கொண்டு வந்து என் முன்னால் நிறுத்தினார். "ஏறுங்க. அந்த பைனல் நெஜமா பொய்யான்னு நான் பாக்கணும்" என்றார். அவருடைய மன்னிப்பு அப்படித்தான் இருக்கும்.

ஷீலா டீச்சர் போகவில்லை. மேஜை ஓரத்தில் உட்கார்ந்து டிபன் பாக்ஸில் லெமன் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "ஆடாம கப் வாங்கிட்டுப் போனா என் ஸ்டூடன்ட்ஸ் முகத்துல எப்படி சார் முழிக்கிறது? கை கழுவிட்டு வரேன்" என்றார். மேனேஜர் அந்த பாலிஷ் ஷூவோடு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். மூன்றில் இரண்டு ஜெயிக்க வேண்டும். முதலாவது டீச்சருக்கு, இரண்டாவது எனக்கு. மூன்றாவதில் என் பந்துகள் எல்லாம் விழுந்து, கறுப்பு மட்டும் பாக்கி. தெரியாதவர்களுக்காக: கறுப்பைக் கடைசியாகத்தான் போட வேண்டும், அது விழுந்தால் ஆட்டம் முடிந்தது. ஆனால் கூடவே வெள்ளையும் விழுந்துவிட்டால் தோற்றவர் நாம்.

கறுப்பு குழி வாயிலேயே நின்றது. ஊதினால் விழும். டீச்சரை முதல் முறையாக ஜெயிக்கப் போகிறேன், மேனேஜர் வேறு பார்க்கிறார். குனிந்தேன், அடித்தேன். கறுப்பு விழுந்தது. எல்லோரும் கை தட்ட ஆரம்பித்தார்கள். வெள்ளை நிற்காமல் உருண்டுபோய், குழி வாயில் கொஞ்சம் யோசித்து, அதுவும் விழுந்தது.

டீச்சர் விசில் ஊதினார்.

திரும்பும்போதும் மேனேஜரின் பைக்கில்தான் வந்தேன். ரயில்வே ஸ்டேஷனில் என்னை இறக்கிவிட்டபோது கேட்டார். "காலையிலேர்ந்து எங்க எல்லாரையும் கையைக் கட்டி ஸ்டூல்ல உக்கார வெச்சீங்களே. அந்தக் கறுப்பை மட்டும் ஏன் அப்படி அவசரப்பட்டு அடிச்சீங்க?"

இரும்பு விஷயத்தில் எனக்கு இருந்த பொறுமை, எனக்கே ஆசையாக இருந்த ஒன்றில் இல்லை. அவ்வளவுதான்.

மறுநாள் திங்கட்கிழமை, நானாகவே ஒரு தாளை எடுத்து உண்மையான நேரங்களை எழுதினேன். குண்டூசி அளவு: அரை மணி. விரல் தடிமன்: ஒரு மணி. கை தடிமன்: இரண்டு மணி. ஸ்பிண்டில்: நாலு மணி. நம் தொழிற்சாலைக்கு வரும் ஜாப்பில் முக்கால்வாசி குண்டூசியும் விரலும்தான். அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டபோது என் பூல் நேரத்தை நானே வெட்டிப் போட்டேன். அழாத குறை. அதற்குப் பிறகு ஷிப்ட் முடிந்துதான் மாடியேறினேன், கல்லூரிப் பையன்களோடு வரிசையில் நின்று. ஆனால் நான் நாலு மணி என்று சொன்னால் அதற்குப் பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை, கன்னியப்பனுக்கு மூன்றாவது மெமோவும் வரவில்லை.

உங்களில் யாராவது, நேரம் கிடைக்கும் என்றுதான் இந்த அறைக்கு வந்திருந்தால் வெட்கப்படாதீர்கள். கிரிக்கெட்டோ, பாட்டோ, தூக்கமோ, எதற்காக வந்திருந்தாலும் சரி. வேலைக்கு வெளியே ஓர் ஆசை உள்ளவன் வேலையில் கெட்டுப்போவான் என்று சொல்பவர்களை நான் நம்புவதில்லை. ஆனால் அந்த நேரத்தை உண்மையாக வாங்கிக்கொள்ளுங்கள். அரை மணிக்கு நாலு மணி என்று எழுதினால், நாலு மணி நிஜமாகவே தேவைப்படும் நாளில் உங்கள் பக்கத்தில் யாரும் இருக்கமாட்டார்கள். அன்றைக்கு மாட்டிக்கொள்வது நீங்கள்கூட இல்லை, உங்களை நம்பி ஜாப்பைக் கொண்டுவந்து வைத்தவன்.

அந்தத் தாள் இன்னும் உங்கள் கதவில் ஒட்டியிருக்கிறது. மேனேஜரிடம் கையெழுத்துக்கு அனுப்பினேன். கையெழுத்துப் போட்டு, என் நாலு வரிக்குக் கீழே தன் கையால் ஐந்தாவதாக ஒரு வரி எழுதித் திருப்பி அனுப்பினார். 'கறுப்புப் பந்து: குறைந்தது இரண்டு நிமிடம்.' ஆய்வுக்கு வருபவர்கள் இது என்ன பார்ட் என்று கேட்கிறார்களாம். உங்கள் சீனியர்கள், பழைய பார்ட், இப்போது வருவதில்லை என்று சமாளிக்கிறார்களாம். அப்படியே சமாளியுங்கள், அழித்துவிடாதீர்கள்.

போன வாரம் ஷீலா டீச்சரோடு ஆடினேன். அவரும் ஓய்வு பெற்றுவிட்டார், விசில் மட்டும் இன்னும் கழுத்தில் இருக்கிறது. கடைசியில் கறுப்பு மட்டும் பாக்கி, குழி வாயிலேயே நின்றது. க்யூவை ஊன்றிக்கொண்டு நின்றேன். டீச்சர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "என்ன சார், பந்து ஆறணுமா?" என்றார்.

"ஆமா டீச்சர், இன்னும் ஒரு நிமிஷம் இருக்கு" என்றேன்.

அதுவும் ஆனபிறகு குனிந்து அடித்தேன். கறுப்பு விழுந்தது. வெள்ளை குழி வரைக்கும் போய், வாயிலேயே நின்றுவிட்டது.